கழற்றி மாட்டும் கணினி: நிறைகளும் குறைகளும்

சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், புத்தூரைக் கடந்ததும் வருவது வடமாலபேட்டை. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இம்மண்டலம், 2022 ஏப்ரல் 4 அன்று புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்கும் எல்லைப் பகுதி இது.

மாணவர் கையில் கணினியைக் கொடுப்பதில் இரு மாநிலங்கள் மேற்கொண்ட இரு வேறு வழிகளை இந்த ஒரு சாலையிலேயே காணலாம். சாலையின் தமிழகப் பகுதியில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின்கீழ் பின்வந்த ஆண்டுகளில் 50 லட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. சாலையின் ஆந்திரப் பகுதியிலோ, 2022 டிசம்பர் 21 அன்று தொடங்கிய திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர் சுமார் 4.6 லட்சம் பேருக்கும் ஆசிரியர் சுமார் 59 ஆயிரம் பேருக்கும், பாடங்கள் பதிவு செய்யப்பட்ட கைக்கணினிகள் வழங்கப்பட்டன. 'டேப்' என மக்கள் வழங்கும் கருவி அது.

ஒன்று விசைப்பலகை உடையது, எழுதுவதற்கு ஏற்றது. மற்றொன்று தொடுதிரை மட்டுமே உடையது. படிப்பதற்கும் பார்ப்பதற்கும் ஏற்றது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, வேண்டும்போது விசைப்பலகையை மாட்டியும் வேண்டாதபோது கழற்றியும் பயன்படுத்தும் கருவி ஒன்று சந்தையில் உள்ளது. அரசும் பள்ளியும் குடும்பமும் அதனை வாங்கலாமா? அதன் நிறை யாது, குறை யாது? இவ்வினாக்களை இங்கு ஆராய்வோம்.

கருவியின் வரலாறும் அமைப்பும்

இக்கருவி முற்றிலும் புதியதன்று. 2002ஆம் ஆண்டு இறுதியில் மைக்ரோசாப்ட் நிறுவனம் எழுதுகோலால் இயக்கப்படும் கணினிகளுக்கென விண்டோஸின் தனிப் பதிப்பை வெளியிட்டபோதே, விசைப்பலகையைக் கழற்றக்கூடிய மாதிரியை காம்பேக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2010இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வந்த பிறகு கைக்கணினி பரவலாயிற்று. 2011இல் ஆசுஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபார்மரும், 2012 அக்டோபரில் மைக்ரோசாப்டின் சர்ஃபேஸும் வெளிவந்தன. நம் நாட்டில் 2015இல் மைக்ரோமேக்ஸ் நிறுவனம் 'கேன்வாஸ் லேப்டேப்' என்னும் பெயரில் இவ்வகைக் கருவியை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் விற்றது.

சாதாரண மடிக்கணினியில் கணிப்பி, நினைவகம், பேட்டரி ஆகியவை விசைப்பலகைக்கு அடியில் அமைந்துள்ளன. திரை மெல்லிய மூடி போன்றது. கழற்றும் கணினியிலோ இவை அனைத்தும் திரைக்குப் பின்னால் அடக்கப்பட்டுள்ளன. விசைப்பலகை வெறும் துணைக்கருவியே. இந்த ஒரு மாற்றத்திலிருந்தே அதன் பெரும்பாலான நிறைகளும் குறைகளும் பிறக்கின்றன என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

நிறைகள்

முதலாவது, களப்பணிக்கு ஏற்ற தன்மை. ஆந்திராவில் 2019 அக்டோபர் 2 முதல் கிராமச் செயலகங்கள் செயற்படத் தொடங்கின. இத்தகைய அமைப்பில் பணிபுரியும் ஊழியர் காலையில் வயலிலும் வீட்டு வாசலிலும் நின்றுகொண்டு விவரங்களைப் பதிவு செய்கிறார், படம் எடுக்கிறார், கையொப்பம் பெறுகிறார். மாலையில் அலுவலகத்தில் அமர்ந்து அறிக்கை எழுதுகிறார். நிற்கும் வேலைக்கு மடிக்கணினி உதவாது. எழுதும் வேலைக்குக் கைக்கணினி போதாது. இரண்டையும் ஒரே கருவியில் செய்ய முடிந்தால், தரவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வேலையும், அதில் நேரும் பிழையும் குறையும்.

இரண்டாவது, கல்விக்கு அது தரும் வசதி. கணிதச் சமன்பாடு, வடிவியல் வரைபடம், உயிரியல் படம் ஆகியவற்றை விசைப்பலகையால் எழுதுவது கடினம். எழுதுகோலை ஏற்கும் தொடுதிரையில் எளிது. கட்டுரை எழுதுவதற்கும் நிரலாக்கம் பயில்வதற்கும் விசைப்பலகை இன்றியமையாதது. திரையில் தோன்றும் விசைப்பலகை, திரையின் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. பக்கக்கணக்கில் எழுத அது தகுதியற்றது.

இந்திய மொழிகளைப் பொறுத்தவரை இது மேலும் உண்மை. 1991இல் இந்தியத் தர அமைவனம் ஏற்ற இன்ஸ்கிரிப்ட் விசையமைப்பில், 'க' என்னும் எழுத்து எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே விசையில் அமைகிறது. தமிழுக்கெனத் தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசையமைப்பும் உண்டு. தெலுங்கும் தமிழும் கற்கும் எல்லைப்பகுதி மாணவர் இன்ஸ்கிரிப்டை ஒருமுறை பழகினால் இரு மொழியிலும் தட்டச்சு செய்யலாம். அப்பழக்கம் விரல்களுக்கு வர உண்மையான விசைகள் வேண்டும்.

மூன்றாவது, பழுதின் எல்லை. விசைப்பலகையில் தண்ணீர் சிந்தினாலோ விசைகள் தேய்ந்தாலோ, அதனை மட்டும் மாற்றினால் போதும். கருவியின் மற்ற பகுதி தடையின்றி இயங்கும். மடிக்கணினியில் அதே விபத்து உட்பகுதி முழுவதையும் பாழாக்கக்கூடும்.

குறைகள்

எடை முழுவதும் திரையில் இருப்பதால், கருவி பின்புறமாகச் சாயும் இயல்புடையது. இதனைத் தடுக்கச் சில நிறுவனங்கள் பின்புறத்தில் தாங்குகால் அமைக்கின்றன. வேறு சில விசைப்பலகையின் எடையைக் கூட்டுகின்றன. தாங்குகால் உள்ள கருவிக்கு அகலமான, சமதளமான மேசை வேண்டும். குறுகிய பெஞ்சிலும், தரையில் சம்மணமிட்டு அமர்ந்த மாணவன் மடியிலும் அது நிலையாக நிற்பதில்லை. விசைப்பலகையின் எடையைக் கூட்டினாலோ, கைக்கணினியின் சிறப்பாகிய இலேசான தன்மை போய்விடுகிறது. 2020இல் வெளிவந்த லெனோவோ டூயட் என்னும் கருவியின் திரைப்பகுதி சுமார் 450 கிராம்; மூடியும் விசைப்பலகையும் சேர்ந்தால் சுமார் 920 கிராம். ஏறத்தாழ இரு மடங்கு.

வெப்பம் அடுத்த குறை. மெல்லிய திரைக்குப் பின்னால் விசிறி வைக்க இடமில்லாமையால், குறைந்த விலைக் கருவிகள் பெரும்பாலும் விசிறியின்றியே இயங்குகின்றன. உள்ளே சூடு ஏறும்போது கணிப்பி தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. கோடையில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் இராயலசீமைப் பகுதியில் இது சிறிய குறையன்று. பேட்டரியின் ஆயுளையும் வெப்பம் குறைக்கிறது.

இணைப்புத் துளைகள் குறைவு என்பது மூன்றாவது. ஒன்றோ இரண்டோ துளைகளே இருப்பின், மின்னேற்றும்போதே கைரேகைக் கருவியையும் அச்சுப்பொறியையும் இணைக்கத் தனித் துணைக்கருவி வாங்க வேண்டும். மேலும், திரையும் விசைப்பலகையும் சேருமிடத்தில் உள்ள உலோக முனைகளில் புழுதி படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு இயங்கும். புளூடூத் வழியாக இணையும் விசைப்பலகைக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் அதற்குத் தனியே மின்னேற்ற வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமான குறை, விசைப்பலகை பிரிந்துவிடக்கூடியது என்பதே. பல நிறுவனங்கள் அதனைத் தனி விலைக்கே விற்கின்றன. விலையைக் குறைக்க விரும்பும் கொள்முதல் அலுவலர் முதலில் விலக்கி வைப்பதும், மாணவன் முதலில் தொலைத்துவிடுவதும் அதுவாகவே இருக்கக்கூடும். விசைப்பலகை இல்லாத கழற்றும் கணினி, விலை கூடிய கைக்கணினியே அன்றி வேறில்லை.

மலிவுக் கருவியின் ஆயுள்

2015இல் விற்பனையான மலிவு விலைக் கருவிகளில் 2 ஜிபி நினைவகமும் 32 ஜிபி சேமிப்பகமும் பொதுவாக இருந்தன. இயக்க முறைமையே அந்த 32 ஜிபியில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டதால், மேம்பாடுகளை நிறுவக்கூட இடமின்றிப் பயனாளர் அவதியுற்றனர். விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பகமும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. ஆகவே அக்கருவிகளில் எதனையும் புதிய முறைமைக்கு உயர்த்த இயலவில்லை. மேசைக் கணினியாயின் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கழற்றும் கணினியில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், வாங்கும் நாளில் உள்ள அளவே இறுதி அளவாகும். பேட்டரியும் பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், அதனை மாற்றச் சிற்றூர்க் கடைகளால் எளிதில் முடிவதில்லை.

மத்திய நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையத்தளத்தைத் தொடங்கியது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. உதிரிப் பாகம், உத்தரவாதம் ஆகியவை பற்றிய விவரத்தை உற்பத்தியாளர் வெளியிடுவது அதன் நோக்கம். ஆனால், விவரம் கிடைப்பது வேறு. புத்தூரிலோ திருப்பதியிலோ உதிரிப் பாகம் கிடைப்பது வேறு.

யாருக்கு எது?

பாடம் பார்ப்பதும் படிப்பதுமே நோக்கமாயின் கைக்கணினி போதும். அதற்குக் கூடுதல் செலவு வேண்டியதில்லை. ஆனால் பார்ப்பதற்கு மட்டுமான கருவியின் பயன், அதில் உள்ள பாடத்தைப் பொறுத்தது. ஆந்திரக் கைக்கணினிகளில் பாடங்களை அளித்த பைஜூஸ் நிறுவனத்தின்மீது 2024 ஜூலையில் நொடிப்பு நடவடிக்கை தொடங்கியது. பாடம் தருபவர் தளர்ந்தால் அதனைப் புதுப்பிப்பவர் யார் என்னும் கேள்வி எழுகிறது. எழுதவும் கணக்கிடவும் நிரல் இயற்றவும் கூடிய கருவி அவ்வாறு ஒருவரைச் சார்ந்து நிற்பதில்லை. மாணவன் தானே அதில் ஒன்றை உருவாக்க முடியும்.

கல்லூரி மாணவர் மிகுதியாக எழுத வேண்டியவர். தமிழக அரசு 2025 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது. பின்னர் அவ்வாண்டிலேயே கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளி மடிக்கணினிக்கே ஆயிற்று. ஒரே விலையில் கிடைக்கும் மடிக்கணினி, கழற்றும் கணினியைவிடப் பெரிய திரையும் கூடுதல் வேகமும் உறுதியும் கொண்டிருப்பது இயல்பு. எனவே மாணவர் திட்டங்களுக்கு மடிக்கணினியே பொதுவில் பொருத்தமானது. கழற்றும் கணினிக்கு உரிய இடம், ஒரே நாளில் நின்றும் அமர்ந்தும் பணியாற்ற வேண்டிய களப்பணியாளர், அளவையாளர், செவிலியர், ஆசிரியர் ஆகியோரிடமே உள்ளது.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

இவ்வகைக் கருவியை வாங்க முடிவு செய்யும் அலுவலர் ஐந்து நிபந்தனைகளையேனும் ஒப்பந்தத்தில் சேர்த்தல் நலம்.

1. விசைப்பலகை கருவியின் பிரிக்க இயலாத பகுதியாகக் கருதப்பட்டு, விலையிலும் உத்தரவாதத்திலும் அடங்க வேண்டும்; தனியே மாற்று விசைப்பலகை கிடைக்கும் விலையும் முன்கூட்டியே உறுதி செய்யப்பட வேண்டும்.

2. நினைவகமும் சேமிப்பகமும் இன்றைய தேவைக்கு மட்டுமன்றி, கருவியின் முழு ஆயுட்காலத்திற்கும் போதுமானவையாக இருக்க வேண்டும்.

3. மென்பொருள் பாதுகாப்பு மேம்பாடுகள் எத்தனை ஆண்டு தொடரும் என்பதை உற்பத்தியாளர் எழுத்தில் தர வேண்டும்.

4. பேட்டரியையும் திரையையும் மாற்றும் சேவை மாவட்ட அளவிலாவது கிடைக்க வேண்டும்.

5. மொத்தமாக வாங்குமுன், கோடை மாதமொன்றில் சில கருவிகளைக் களத்தில் இயக்கிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டு கருவிகளின் பயனையும் ஒரே விலையில் பெறலாம் என்னும் விளம்பரம் கவர்ச்சியானது. ஆயினும் இரண்டின் நிறைகளோடு இரண்டின் குறைகளும் சேர்ந்தே வருகின்றன. கருவியைத் தேர்ந்தபின் அதற்கேற்ற பணியைத் தேடாமல், பணியை முதலில் வரையறுத்து அதற்கேற்ற கருவியைத் தேர்வதே பொதுப் பணத்தைக் காக்கும் வழியாகும். குறிப்பாகக் கிராமப்புற மாணவனுக்கு அரசு தரும் கணினியே பெரும்பாலும் அவனது முதற் கணினி. அதில் அவன் பார்ப்பவனாக மட்டும் நின்றுவிடுவானா, எழுதுபவனாக வளர்வானா என்பதை, ஒப்பந்தப்புள்ளியில் விசைப்பலகை பற்றிய ஒரு வரி முடிவு செய்யக்கூடும் என்பதைத் திட்டமிடுவோர் மறத்தலாகாது.