ஈம் கிராமத்து எல்லைக்கல்



இங்கிலாந்தின் டார்பிஷையர் மலைப்பகுதியில் ஈம் என்றொரு சிறு திருச்சபைக் கிராமம் உண்டு. 1665-ம் ஆண்டு லண்டனிலிருந்து அங்கிருந்த தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணிக்கட்டு வந்தது. ஈரத் துணியை நெருப்பருகே உலர்த்திய வேலையாள் ஜார்ஜ் விக்கர்ஸ் செப்டம்பர் 7-ம் தேதி மரித்தார். கொள்ளைநோய் ஊருக்குள் வந்துவிட்டது.

குருவானவர் வில்லியம் மொம்பெசன் இளைஞர், ஊருக்குப் புதியவர். ஜனங்கள் மதித்ததோ தாமஸ் ஸ்டான்லி என்னும் பழைய போதகரை. இவர் பொது ஜெபப் புத்தகச் சட்டத்துக்கு இணங்க மறுத்து, 1662-ல் ஊழியத்தை இழந்தவர். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க விரும்பாதிருந்தாலும் அதிசயமில்லை! ஆனாலும் 1666 ஜூனில் இருவரும் சேர்ந்தே ஜனங்களிடம் பேசினார்கள். "நாம் ஓடினால் நோயும் நம்மோடு ஓடும், இங்கேயே இருப்போம்" என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். சபை சம்மதித்தது.

ஆலயம் பூட்டப்பட்டது. கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஆராதித்தார்கள். அவரவர் வீட்டாரை அவரவரே அடக்கம்பண்ணினார்கள். எல்லைக்கல்லின் குழிகளில் காடி ஊற்றி அதில் காசைப் போட்டுவைப்பார்கள். அயலூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். டெவன்ஷையர் பிரபுவும் உணவுப்பொருள் அனுப்பினார்.

எலிசபெத் ஹான்காக் என்ற தாய் அந்த ஆகஸ்டில், எட்டே நாட்களில், கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். இதை எழுதும்போது பேனா நகர மறுக்கிறது. மொம்பெசன் தம் பிள்ளைகளை முன்னதாகவே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். இதைக் குறைகூறுவோர் உண்டு. மனைவி கேத்தரினோ போக மறுத்து உடனிருந்தார். ஆகஸ்ட் 25-ல் மரித்தார். அவருக்கு வயது 27.

நவம்பரில் நோய் ஓய்ந்தது. மரித்தோர் ஏறக்குறைய 260 பேர். சுற்றுப்புறத்துக்கு நோய் பரவவில்லை. ஆனால் அடைபட்டிருந்ததால் உள்ளே சாவு கூடியிருக்குமோ என்று இக்கால ஆய்வாளர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எலித்தெள்ளு நோயைப் பரப்புகிறது என்பதை பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டறிந்ததே 1898-ல்தான். ஈம் ஜனங்களுக்கு அது எப்படித் தெரியும்?

பின்னர் மொம்பெசன் ஈக்ரிங் என்ற சபைக்கு மாற்றப்பட்டார். அங்குள்ளோர் நோய்க்குப் பயந்து, முதலில் அவரை ஊருக்குள்ளேயே விடவில்லையாம்.