ஊசி போட்ட பிறகு

காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குச் செல்கிறோம். ஊசி போட்டுக்கொள்கிறோம். பஞ்சால் தேய்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்த ஊசி பிறகு எங்கே போகிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? இந்தக் கல்வி ஆண்டின் தொடக்கம் வரை நாங்களும் எண்ணியதில்லை.

எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் அக்கா ஒரு நாள் விரலில் கட்டுடன் வந்தார். யாரோ வீட்டுக் குப்பையோடு ஊசியைப் போட்டிருக்கிறார்கள். பையை அமுக்கும்போது அது விரலில் ஏறிவிட்டது. "வலி போயிடுச்சு பாப்பா. ஆனா ஆறு மாசம் வரைக்கும் ரத்தம் பாக்கணுமாம். அதான் பயமா இருக்கு" என்றார்.

பயப்பட என்ன இருக்கிறது என்று எங்கள் அறிவியல் சிஸ்டரைக் கேட்டோம். நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால் மஞ்சள் காமாலை வகையான ஹெபடைட்டிஸ் பி தொற்ற 100-க்கு 30 வரை வாய்ப்பு உண்டாம். ஹெபடைட்டிஸ் சி-க்கு 100-க்கு ஏறத்தாழ 2. எச்.ஐ.வி.க்கு 1000-க்கு 3. நாங்கள் எச்.ஐ.வி.யைத்தான் பெரிதாக நினைத்திருந்தோம்! ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. குப்பை அள்ளுகிறவர்களுக்கு அதை முதலில் போட வேண்டாமா? குத்திய விரலைப் பிதுக்கக் கூடாது. வாயில் வைக்கவும் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

இனி மருத்துவமனைக்கு வருவோம். அங்கே சேரும் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு நம் வீட்டுக் குப்பை போன்றதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மீதி 15 விழுக்காடே ஆபத்தானது. ஆனால் இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் முழுக் கூடையும் ஆபத்தாகிவிடுகிறது. ஆகவே கட்டில் அருகிலேயே பிரிக்க வேண்டும். நம் நாட்டில் இதற்கென 1998-இல் விதிகள் வந்தன. 2016-இல் அவை புதிதாக எழுதப்பட்டன. இரத்தக் கறை படிந்த பஞ்சும் துணியும் அறுத்தெடுத்த உடல் உறுப்புகளும் மஞ்சள் பையில். குளுக்கோஸ் குழாய், கையுறை போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பையில். கண்ணாடி நீலக் குறியிட்ட பெட்டியில். ஊசியும் கத்தியும் எதனாலும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். சிவப்புப் பையில் உள்ளவற்றை நீராவியில் கிருமி நீக்கி, நறுக்கிவிட வேண்டும். ஏன் நறுக்க வேண்டும்? 2009-இல் குஜராத்தில் மொடாசாப் பகுதியில் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டதே காரணம். பழைய ஊசிக்குழல்களைச் சேர்த்து விற்றதும் அப்போது வெளிவந்தது.

"குழி வெட்டிப் புதைத்துவிட்டால் என்ன?" என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். தொலைவான சிற்றூர்களுக்கு விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே குறைந்தது 6 மீட்டர் இருக்க வேண்டும். வெள்ளம் வரும் இடமாகவும் இருக்கக் கூடாது. வேதாரண்யத்தில் அப்படி ஓர் இடத்தை யார் காட்டுவார்கள்? கொல்லையில் சில அடி தோண்டினாலே நீர் ஊறுகிறது. உப்பு நீருக்கு மேலே மணலில் தங்கும் அந்த நல்ல நீரைத்தான் முல்லைச் செடிக்கும் மாமரத்துக்கும் இறைக்கிறோம். கொல்லையில் போட்டு எரிப்பதும் ஆகாது. பிளாஸ்டிக் எரியும் புகையில் டையாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆகவே நம் ஊருக்குப் புதைகுழி இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி வந்து எடுத்துப் போவது ஒன்றே வழி.

அந்த வண்டிக்கும் கெடு உண்டு. கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது நாங்கள் சிறுமிகள். சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்ததும், பல நாள் மின்சாரம் இல்லாததும் நினைவிருக்கிறது. அப்படி ஒரு புயல் மறுபடி வந்தால் அந்த 48 மணி நேரம் என்னவாகும்? தண்ணீர் ஏறாத மேட்டில், பூட்டிய கெட்டியான அறை ஒன்று இருந்தாக வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

வண்டி ஒழுங்காகப் போகாவிட்டாலும் கேடுதான். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பகுதிகளில் கொட்டப்பட்டிருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கண்டிப்பாக உத்தரவிட்ட பிறகு, அம்மாநிலத்தாரே வந்து லாரிகளில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனார்கள்.

அக்காவைக் குத்திய ஊசியோ மருத்துவமனையிலிருந்து வந்ததல்ல. ஒரு வீட்டிலிருந்து வந்தது. சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ளும் தாத்தா, பாட்டி நம்மில் பலர் வீட்டில் இருக்கிறார்கள். இப்போது நாங்கள் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் அந்த ஊசிகளைப் போட்டு, மூடியை இறுக்கி, மேலே "ஊசி" என்று கொட்டை எழுத்தில் எழுதி, மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்கிறோம். "இனிப்புப் புட்டி மாதிரி இருக்கே" என்று ஒரு பாட்டி சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. புட்டியை இரு கையாலும் வாங்கி வண்டியின் ஓரத்தில் நிறுத்தி வைத்தார். அவருடைய ஆறாம் மாத இரத்தப் பரிசோதனை அடுத்த மாதம் வருகிறது.