அறுந்த கம்பியும் அணையாத தீப்பொறியும்

நுழையும்முன்

எரியாத விளக்கை மாற்றுவது எளிது. அது ஏன் எரியவில்லை என்று அறிவது அரிது. தம் கையால் வானூர்தி கட்டுவோர் இந்த அரிய வழியையே கற்கவேண்டியுள்ளது. சுவிட்ச் இணைப்பில் நேரும் பிழையைத் தேடிக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வீட்டில் உருவாகும் வானூர்தி

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் பறக்கவிட்ட வானூர்தி, அவர்களது சைக்கிள் கடையில் உருப்பெற்றது. தன் கையால் கட்டிப் பறக்கும் அம்மரபு அந்நாட்டில் இன்றும் தொடர்கிறது. பல்வேறு தொழில் செய்வோர் தம் ஓய்வு நேரத்தில், கார் நிறுத்தும் கொட்டகையிலேயே சிறு வானூர்திகளைக் கட்டுகின்றனர். 1953இல் மில்வாக்கி நகரில் தோன்றிய சோதனை வானூர்திச் சங்கம் இவர்களுக்குத் துணைநிற்கிறது. கட்டுமானப் பணியின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ தொழில்முறை சாராதோரே செய்திருக்கவேண்டும் என்பது அந்நாட்டு விதி. இது '51 விழுக்காட்டு விதி' என்று வழங்கப்படுகிறது.

இத்தகைய ஊர்திகளில் மின்கம்பிகளின் வழியைக் கட்டுபவரே பெரும்பாலும் வகுக்கிறார். ஆகவே, பிழை நேர்ந்தால் அதனைத் தேடும் பொறுப்பும் அவரையே சார்கிறது. கம்பியின் இருமுனைகளிலும் எண் பொறித்து, இணைப்பு வரைபடத்தையும் வரைந்து வைத்தவருக்குத் தேடல் எளிதாகிறது.

மின்னோட்டத்தின் வழி

தரையிறங்கும்போது ஒளிதரும் விளக்கு எரியவில்லை எனக் கொள்வோம். மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டம், முதன்மைச் சுவிட்ச், மின்னுருகி, விளக்கின் சுவிட்ச் ஆகியவற்றைக் கடந்து விளக்கை அடைகிறது. அலுமினிய உடல்கொண்ட ஊர்திகளில் அது பெரும்பாலும் அவ்வுடலின் வழியாகவே மின்கலத்திற்குத் திரும்புகிறது. இத்திரும்பு வழியைத் தொழிலாளர் 'எர்த்' என்பர். செல்லும் வழியும் திரும்பும் வழியும் முழுமையாக இருந்தால்தான் விளக்கு எரியும். ஆனால், விளக்கையும் சுவிட்சையும் ஐயுறுவோர் எர்த் இணைப்பை எளிதில் மறந்துவிடுகின்றனர். அவ்விணைப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய வண்ணப்பூச்சே மின்னோட்டத்தைத் தடுக்கப் போதுமானது.

பாதியாகப் பகுத்துத் தேடல்

மின்சுற்றில் எட்டு இடங்களில் ஓரிடம் பழுதாகியிருக்கலாம் என்றால், ஒன்றன்பின் ஒன்றாக எட்டையும் சோதிக்கவேண்டியதில்லை. நடுவில் மின்னழுத்தத்தை அளந்தால், பழுது முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது விளங்கும். எட்டு நான்காகவும், நான்கு இரண்டாகவும், இரண்டு ஒன்றாகவும் குறையும். மூன்றே அளவீடுகளில் பழுதான இடம் புலப்படும்.

விளக்கின் சுவிட்சை இயக்கநிலையில் வைத்து மல்டிமீட்டரால் அளக்கும்போது, அதன் உள்முனையில் 12 வோல்ட் இருந்து வெளிமுனையில் இல்லையெனில் பழுது சுவிட்சில் உள்ளது. வெளிமுனையிலும் இருந்தால் அதற்கு அப்பால் தேடவேண்டும். விளக்கின் எர்த் முனைக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே ஏறத்தாழச் சுழி வோல்ட்டே இருக்கவேண்டும். அங்கு 12 வோல்ட் காட்டினால் திரும்பு வழி அறுந்துள்ளது என்பது பொருள்.

விளக்கைக் கழற்றிவிட்டு அளப்பது ஏமாற்றம் தரும். மல்டிமீட்டர் மிகச்சிறு மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால், துருவேறிய இணைப்பும் 12 வோல்ட் காட்டும். 10 ஆம்பியர் பாயும்போதுதான் அதன் குறை வெளிப்படும். அவ்விணைப்பின் மின்தடை 0.2 ஓம் எனில், அங்கு 2 வோல்ட் வீணாகி 20 வாட் வெப்பம் தோன்றும். சிறியதோர் இணைப்பைச் சுட்டுக் கருக்க அவ்வெப்பம் போதும்.

மேலும் கீழும்

நெம்பி வகைச் சுவிட்சுகள் மற்றொரு குழப்பத்தைத் தருவன. நெம்பியை மேலே தள்ளினால் மேல்முனை இணையும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில், பெரும்பாலானவற்றில் நடுமுனையோடு கீழ்முனையே இணைகிறது. கிணற்று ஏற்றத்தின் ஒருமுனை உயர மறுமுனை தாழ்வதுபோல், உள்ளிருக்கும் தொடுதகடு எதிர்ப்புறம் சாய்வதே இதற்குக் காரணம். ஆகவே கண்ணால் கண்டு முடிவுசெய்யாமல், மின்கலத்தைப் பிரித்துவைத்து, எம்முனை எதனோடு இணைகிறது என்று மல்டிமீட்டரால் சோதித்தல் வேண்டும்.

அறுந்தால் அணையாதது

இதுவரை கண்ட சுற்றுகளில், கம்பி அறுந்தால் கருவி நின்றுவிடும். மேக்னெட்டோவின் சுற்று இதற்கு நேர்மாறானது. மேக்னெட்டோ, சுழலும் காந்தத்தால் தானே மின்சாரம் உண்டாக்கி, எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளுக்குத் தீப்பொறி தருகிறது. அதற்கு மின்கலம் தேவையில்லை. சுவிட்சை நிறுத்தநிலையில் வைக்கும்போது, மேக்னெட்டோவின் கம்பி எர்த்துடன் இணைக்கப்படுகிறது. அதனால்தான் தீப்பொறி அடங்குகிறது. அக்கம்பி அறுந்துவிட்டால், சுவிட்ச் நிறுத்தநிலையில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடிருக்கும். எரிபொருள் எஞ்சியிருந்தால், உந்துவிசிறியைக் கையால் சற்றே திருப்பினாலும் எஞ்சின் இயங்கிவிடக்கூடும். அருகில் நிற்பவரின் உயிருக்கே அது கேடாகும்.

விளக்கைப் போலவே மேக்னெட்டோவையும் இணைப்பவர் இதே இடரை வரவழைத்துக்கொள்கிறார். அவ்வூர்தியில் நெம்பி மேலே இருந்தால் எஞ்சின் அடங்கியிருக்கும்; கீழே இறக்கினால் தீப்பொறி உயிர்பெறும்.

இப்பழுது தானே வெளிப்படுவதில்லை. இவ்வகை எஞ்சின்கள் வழக்கமாக எரிபொருளைத் தடுத்தே நிறுத்தப்படுவதால், தீப்பொறி அடங்கியதா என்பது தெரியாமற்போகிறது. எனவே, பறப்பதற்குமுன் விமானி இரு மேக்னெட்டோக்களையும் மாறிமாறி நிறுத்திப் பார்க்கிறார். ஒன்றை நிறுத்தும்போது எஞ்சினின் வேகம் சற்றுக் குறையவேண்டும். சிறிதும் குறையாவிட்டால் அதனை நலம் என்று மகிழலாகாது. நிறுத்திய மேக்னெட்டோ உண்மையில் நிற்கவில்லையோ என்று ஐயுறவேண்டும்.

சோதனைக்காக அக்கம்பியைக் கழற்றுவதும் அதனை அறுப்பதற்கு ஒப்பாகும். ஆகவே, முதலில் ஸ்பார்க் பிளக்குகளின் இணைப்புகளை நீக்கிய பிறகே அக்கம்பியைத் தொடுவர். சுவிட்ச் எந்நிலையில் இருப்பினும், உந்துவிசிறி எப்போதும் இயங்கக்கூடியது என்றே கருதி விலகிநிற்பது வானூர்தித் துறையின் வழக்கம்.

பழுது தேடுபவர் முதலில் அறியவேண்டியது, அச்சுற்று பழுதின்றி எவ்வாறு இயங்கவேண்டும் என்பதே. அதனை அறியாதவருக்கு அறுந்த கம்பி என்பது எங்கும் ஒன்றே. அறிந்தவருக்கோ, ஒரு சுற்றில் அது இருள். மற்றொன்றில் அடங்காத தீப்பொறி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு மின்விளக்கு ஒன்றின் மின்சுற்றை வரைபடமாக வரைந்து, பழுது நேரக்கூடிய இடங்களைக் குறிக்க. எதனையும் தொடாமல் வரைபடத்தில் மட்டும் ஆராய்க.

2. 'வேகம் குறையாமை நலத்தின் அறிகுறியன்று' என்னும் கருத்தைப் பாடப்பகுதியின் துணைகொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.