முதன்முதலாக மல்லிச் சாடி வைக்கிற பிள்ளைகளுக்கு

கரடியனாற்றுப் பக்கத்தில் நெல்லும் சோளமும் கச்சானும் விளைவித்துப் பழகிய கைகள்கூட ஒரு சாடி கொத்தமல்லியில் சலித்துப் போவதைப் பார்க்கிறேன். முளைக்கவில்லை என்கிறார்கள், முளைத்தாலும் பிடி இலை எடுக்குமுன் பூத்துவிட்டது என்கிறார்கள். கைராசியைக் குறை சொல்ல வேண்டாம். மல்லி குளிரை விரும்புகிற பயிர். நம் ஊர் வழியாக ஏறுகிற பதுளை வீதியின் மேற்கோடியில், மலைக்குளிரில் அது சுகமாக வளரும். கீழே நம் வெக்கையில் வளர்க்க வேண்டுமானால் காலமும் இடமும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இளம் முளை அழுகிப்போகும். மழை தணிந்து இரவில் குளிர் இறங்குகிற மார்கழிக் கடைசியும் தை மாதமும்தான் தொடங்க நல்ல காலம். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று வீசும். மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்து சூடாகி நம் பக்கம் இறங்குகிற காற்று அது. முதல் முயற்சியை அந்த மாதங்களில் வைக்காதீர்கள்.

2. விதையைச் சோதியுங்கள். குடிநீர் அவிக்க வாங்கிய கடை மல்லியும் முளைக்கும். ஆனால் பழசாகவோ சூட்டில் காய்ந்ததாகவோ இருந்தால் முளைக்காது. 20 மணியை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பத்து நாளில் பாதியாவது முளைவிட்டால் விதைக்கலாம்.

3. மணியை இரண்டாகப் பிளவுங்கள். ஒரு மல்லி மணிக்குள் இரண்டு விதைகள் உண்டு. பலகையில் பரப்பி, போத்தலை மெல்ல உருட்டினால் பிரிந்துவிடும். நொறுக்கிவிடக் கூடாது. பிறகு ஓரிரவு தண்ணீரில் ஊறவையுங்கள்.

4. சாடிக்கு அகலத்தைவிட ஆழம் முக்கியம். மல்லி ஆணிவேர் இறக்குகிற பயிர். 8 அங்குலத்துக்குக் குறையாத மண் வேண்டும். பழைய பெயின்ற் வாளியை நன்றாகக் கழுவி எடுக்கலாம். வாய் மடித்த பசளைப் பையும் போதும். அடியில் துளைகள் போடுங்கள். கறுப்பு வாளி வெயிலில் வேரைச் சுட்டுவிடும். சுற்றிவரச் சாக்குக் கட்டுங்கள்.

5. மிளகாய், கத்தரி போல நாற்றுப் பிடுங்கி நடாதீர்கள். வேர் அசைந்த மல்லி சீக்கிரம் பூத்துவிடும். வளர வேண்டிய சாடியிலேயே விதையுங்கள். அரை அங்குல ஆழம், இரண்டு விரல் இடைவெளி போதும். முளை தெரியும்வரை மேலே கொஞ்சம் வைக்கோல் பரப்பி, தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

6. விதைக்குமுன் சாடியில் வளவு மண்ணை மட்டும் நிரப்பினால் காய்ந்ததும் இறுகிவிடும். மண், மக்கிய மாட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம பங்காகக் கலவுங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தரம் அலசிப் பிழிந்து சேருங்கள். பச்சைச் சாணி வேண்டாம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றபோது நெல் விளைவித்தவர்கள் பட்ட பாடு பெரிது. ஒரு சாடி மல்லிக்கு அந்தக் கவலையே இல்லை. மக்கிய எரு போதும். யூரியாவை அள்ளிப்போட்டால் இலை கொழுக்கும், மணம் குறையும்.

7. காலை வெயில் நாலு மணித்தியாலம் படட்டும். மத்தியானத்துக்குப் பிறகு நிழல் விழட்டும். வீட்டின் கிழக்குத் தாவாரம் இதற்கு நல்ல இடம். முருங்கை நிழலும் பொருந்தும். கோழி கிளறாத உயரத்தில் வையுங்கள்.

8. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் ஊற்றலாம், ஈரமாயிருந்தால் விட்டுவிடுங்கள். ஒருநாள் வாடவிட்டு மறுநாள் நிரம்ப ஊற்றுவதும் பூக்கத் தூண்டும். வாவியோரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து மூடி வையுங்கள். சாடிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு நுளம்பு அதில்தான் பெருகும்.

9. 30 முதல் 40 நாளில் வெட்டத் தொடங்கலாம். வெளிச்சுற்று இலைகளை எடுத்து நடுக்குருத்தை விடுங்கள். ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இலை நூல்நூலாகப் பிரிந்து நடுத்தண்டு உயர்ந்தால் பூக்கப் போகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். தண்டைக் கிள்ளி அதை நிறுத்த முடியாது. பெரும்பாலானவற்றை வேரோடு பிடுங்கிச் சமையலுக்கு எடுங்கள். வேரிலும் மணம் உண்டு.

10. இரண்டு செடியைப் பூக்க விடுங்கள். அந்தச் சிறு வெள்ளைப் பூவுக்குத் தேனீ வரும். செடிப்பேன் தின்னும் பொறிவண்டும் வரும். மணி பழுப்பானதும் அறுத்து நிழலில் உலர்த்தி வையுங்கள். நம் வெக்கையைத் தாங்கிய செடியின் விதை அடுத்த தைக்கு நல்லது.

11. சந்தேகம் வந்தால் கேளுங்கள். கரடியனாற்றிலேயே விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

12. எல்லாவற்றிலும் பெரிய அறிவுரை இது: ஒரு சாடியை நம்பாதீர்கள், மூன்று வையுங்கள். மல்லியின் ஆயுள் குறைவு. நம் வெக்கையில் இன்னும் குறைவு. ஒன்று விதைத்து இரண்டு கிழமை கழித்து அடுத்தது, மேலும் இரண்டு கிழமையில் மூன்றாவது. முதலாவது பூக்கும்போது மூன்றாவதில் இலை இருக்கும். மூன்றையும் வெவ்வேறு மூலையில் வைத்து, விதைத்த திகதியைச் சாடியிலேயே எழுதுங்கள். பங்குனி வெக்கை வருவதற்குள் உங்கள் வளவில் எந்த மூலை மல்லிக்கு ஏற்றது, எது ஏற்காதது என்று அந்தத் திகதிகளே காட்டித்தரும். அடுத்த மாரி கழிந்ததும் விதை எடுக்கும்போது என்னைக் கேட்கத் தேவை இராது.