பூனையைத் திருத்தாதீர்கள், தட்டைத் திருத்துங்கள்: புதிதாக வளர்ப்போருக்கு ஒன்பது அறிவுரைகள்

பூனைக்கு டாய்லெட் பழக்குவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பழக்க வேண்டிய வேலை அதிகமில்லை. மண்ணைப் பறித்து, போய்விட்டு, மூடிவிடும் குணம் பூனையோடு பிறந்தது. நாலு வாரக் குட்டிகூட மண்ணைக் கண்டால் காலால் கிளறும். அது தேடும் இடத்தை, மணல் நிரப்பிய தட்டாக, வீட்டுக்குள் அமைத்துக் கொடுப்பதே நம் வேலை.

1. இடத்தை யோசித்து வையுங்கள். ஃபிளாட்டில் எல்லோரும் முதலில் காட்டுவது பாத்ரூமை. நம் வீட்டு பாத்ரூம் தரை பாதி நேரம் ஈரம். யாராவது குளிக்கப் போனால் கதவும் சாத்தியிருக்கும். ஈரத்தில் கால் வைக்கப் பூனைக்குப் பிடிக்காது, கதவு திறக்கும்வரை அது பொறுத்திருக்கவும் செய்யாது. திறந்த பால்கனி என்றால் ஐப்பசி மழையில் மணல் சேறாகிவிடும், சித்திரை வெயிலில் தட்டு கொதிக்கும். வாஷிங் மெஷின் பக்கம் வேண்டவே வேண்டாம். தட்டில் உட்கார்ந்திருக்கும்போது மெஷின் ஒருமுறை அதிர்ந்தால் போதும், பூனை அந்தத் திசைக்கே வராது. சாப்பாட்டுக் கிண்ணத்தின் அருகிலும் ஆகாது. ஆள் நடமாட்டம் குறைந்த, எந்நேரமும் திறந்திருக்கும், காய்ந்த மூலைதான் சரி. தட்டில் இருந்தபடியே வருகிறவர்களைப் பார்க்கவும், வேண்டுமானால் எழுந்து ஓடவும் வழி இருக்க வேண்டும்.

2. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டித் தட்டு வையுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு. மூன்றையும் ஒரே சுவரோரம் அடுக்கினால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். முரட்டுப் பூனை ஒன்று வழியில் படுத்துக்கொண்டால் மற்றது எங்கே போகும்? மாடி வீட்டில் தளத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

3. தட்டு பெரிதாக இருக்கட்டும். வாலை விட்டுவிட்டு அளந்தால் பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு. கடையில் விற்பவை பல இதற்குச் சிறியவை. அகலமான பிளாஸ்டிக் டப் போதும். குட்டிக்கும், மூட்டுவலி வந்த கிழட்டுப் பூனைக்கும் ஒரு பக்க விளிம்பைத் தாழ்வாக வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தேய்த்து விடுங்கள். மூடி போட்ட தட்டு நம் மூக்குக்கு நிம்மதி; நாற்றம் முழுக்கப் பூனைக்கு.

4. மணல் 5 முதல் 7 செ.மீ. உயரம் இருக்கட்டும். ஈரம் பட்டால் உருண்டையாகத் திரளும் பென்டோனைட் களிமண் வகை வசதியானது. ஆனால் சின்னக் குட்டி அதைத் தின்றுபார்க்கும், வயிற்றில் அடைக்கும். குட்டிக்கு ஓரிரு மாதம் மரத்தூள் அல்லது காகித உருண்டை வகை போடுங்கள். ஆற்று மணலைச் சலித்துக் காயவைத்தும் போடலாம், ஆனால் திரளாது என்பதால் அடிக்கடி மொத்தமாக மாற்ற வேண்டும். வாசனை சேர்த்தது வேண்டாம். பூனை தட்டின் விளிம்பில் நாலு காலையும் ஊன்றி நின்றாலோ, வெளியே வந்து பாதத்தை உதறினாலோ, மணல் பிடிக்கவில்லை என்று அர்த்தம். புதிய வகைக்கு மாறும்போது பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

5. புதுப் பூனையை முதல் சில நாள் ஒரே அறையில் வையுங்கள். சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் தட்டில் கொண்டுபோய் விடுங்கள். முன்காலைப் பிடித்துக் கிளறிக் காட்ட வேண்டாம், மிரளும். தட்டை இடம் மாற்ற வேண்டுமென்றால் தினம் ஓரடிக்குமேல் நகர்த்தாதீர்கள்.

6. காலையும் மாலையும் அள்ளுங்கள். ஸ்கூப் இல்லையென்றால் பழைய ஜல்லிக் கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். தட்டைச் சாதாரண சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பினாயில், டெட்டால் வகைகள் பூனைக்கு விஷம். களிமண் மணலைக் கழிவறையில் கொட்டினால் ஊறிக் குழாயை அடைக்கும். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி பூனையின் மலத்தோடு வெளியேறியபின் தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே தினசரி அள்ளுவதே பெரிய காவல். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட வேண்டும்.

7. தட்டுக்கு வெளியே போய்விட்டால் அடிக்காதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். உங்களைக் கண்டு ஒளிந்து போகத்தான் அது கற்றுக்கொள்ளும். அந்த இடத்தை என்ஸைம் கிளீனரால் துடையுங்கள். மனித மூக்குக்குத் தெரியாத வாடைகூட அதைத் திரும்ப அழைக்கும். நின்றபடி, வாலைத் தூக்கிச் சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. அதற்கு மருந்து தட்டு அல்ல, கருத்தடை.

8. முயலுக்கும் தட்டு பழக்கலாம். முயல் வளர்ப்பவர்கள் அது தானாகத் தேர்ந்தெடுத்த மூலையில் தட்டை வைத்து, எட்டும் இடத்தில் புல் தொங்கவிடுங்கள். முயல் தின்றுகொண்டே போகும். திரளும் களிமண் அதற்கு ஆகாது.

9. ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று தட்டைத் தவிர்த்தால் முதலில் கால்நடை மருத்துவர், பிறகுதான் மற்ற ஆராய்ச்சி. அதிலும் ஆண் பூனை தட்டுக்குப் போய் முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்து, நக்கிக்கொண்டு, மறுபடி போய் உட்கார்ந்தால் மலச்சிக்கல் என்று விட்டுவிடாதீர்கள். மூத்திரக்குழாய் அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிரே போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு போங்கள்.