‘அபராஜிதோ’ – ஒரு திறனாய்வு

வீட்டைப் பிரிந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் காண வேண்டிய வங்கத் திரைப்படம் ‘அபராஜிதோ’. ‘வெல்லப்படாதவன்’ என்பது இதன் பொருள். ‘பதேர் பாஞ்சாலி’யின் (1955) தொடர்ச்சியாகச் சத்யஜித் ரே 1956-இல் இதனை உருவாக்கினார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் புதினங்களைத் தழுவிய இப்படம் 1957-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றது. விருதினும் பெரிது அது எழுப்பும் வினா: ஒருவன் படித்து உயர்வதற்கு விலை கொடுப்பவர் யார்?

கதைப் போக்கு

காசியில் தந்தை ஹரிஹரர் காலமாகிறார். தாய் சர்வஜயா ஒரு செல்வர் வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். மகன் அபுவும் ஏவலாளாகிவிடுவானோ என்றஞ்சிக் கிராமத்துக்குத் திரும்புகிறாள். அங்கே புரோகிதம் கற்கும் சிறுவன் பள்ளியைக் கண்டு ஏங்குகிறான், சேர்கிறான், சிறந்து விளங்குகிறான். மாதம் பத்து ரூபாய் உதவித்தொகையுடன் கல்கத்தாக் கல்லூரிக்குச் செல்ல விரும்புகிறான். மறுத்து, அடித்தும்விடுகிற தாய், பின்னர் மனமிரங்கித் தன் சேமிப்பையே எடுத்துக் கொடுக்கிறாள். அபு இரவில் அச்சகத்தில் உழைத்துப் பகலில் படிக்கிறான். ஊருக்கு வருவது குறைகிறது. தாய் தன் நோயை அவனுக்கு எழுதாமலே காத்திருந்து மடிகிறாள்.

கலைத்திறன்

விடுமுறைக்கு வந்த மகனிடம், தான் நோயுற்றால் வந்து பார்ப்பாயா என்று தாய் கேட்கிறாள். அபு உறங்கிவிட்டான். கொடுமையான சொல் ஒன்றுமில்லை. அந்த உறக்கமே நெஞ்சைச் சுடுகிறது. ‘பதேர் பாஞ்சாலி’யில் அபுவுக்கு வியப்பூட்டிய இரயில், இங்கே தாய்க்கு ஏக்கத்தின் ஓசையாகிறது. மற்றொரு முறை, நிலையம் வரை சென்றவன் வண்டியில் ஏறாமல் திரும்பி வந்து, ‘வண்டி போய்விட்டது’ என்கிறான். அந்தப் பொய்யில்தான் எத்தனை அன்பு!

காசி வீட்டின் முற்றம் படப்பிடிப்பு அரங்கில் அமைக்கப்பட்டது. வெண்துணியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அங்கே இயற்கையான பகலொளியைப் படைத்தார். பண்டிட் ரவிசங்கரின் இசை காட்சிகளோடு இயைந்து செல்கிறது. சர்வஜயாவாகக் கருணா பானர்ஜி நடித்தார் என்பதினும் வாழ்ந்தார் எனலாம்.

முடிவு

தாயின் மறைவுக்குப் பின் அபு கிராமத்திலேயே தங்கிப் புரோகிதம் செய்திருக்கலாம். அவனோ ஈமக்கடனைக் கல்கத்தாவில் செய்வதாகக் கூறிப் புறப்படுகிறான். தேர்வு காத்திருக்கிறது. அவனை நன்றி மறந்தவன் என ரே இகழவில்லை. வீரன் எனப் புகழவும் இல்லை. கல்வி வேண்டும் என்பதும் உண்மை. அதற்காக ஒருத்தி தனிமையில் வாடினாள் என்பதும் உண்மை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு அவர் விலகி நிற்கிறார்.

வெல்லப்படாதவன் அபு என்று தலைப்பு கூறுகிறது. கைப்பொருளையும் கண்ணெதிரே இருந்த ஒரே துணையையும் மனமுவந்து வழியனுப்பிய அந்தத் தாயும் வெல்லப்படாதவளே என்பது என் கருத்து. அடுத்த விடுமுறை வரை காத்திராமல், நண்பர்களே, இன்றே வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுவோம்.