பயிற்சியும் பலனும்

கேள்வி: எங்கள் நூற்பாலையில் தொழிலாளருக்கு அடிக்கடி பயிற்சி வகுப்பு நடத்தியும் இழை அறுவது குறையவில்லையே, ஏன்?

பதில்: இழை அறுவதைக் கண்டவுடனே தொழிலாளியின் கைத்திறனைச் சந்தேகித்து வகுப்புக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகிகளின் சுபாவம், ஆனால் பஞ்சின் தரமோ, கூடத்துக் காற்றின் ஈரப்பதமோ, இயந்திரப் பராமரிப்போ குறைவுற்றிருக்குமாயின், எத்தனை சிரேஷ்டமான உபாத்தியாயர் வந்து போதித்தாலும் என்ன பிரயோஜனம்? ஆதலால், ஒரே ரகப் பஞ்சில், ஒரே மாதிரி இயந்திரத்தில் வேலை செய்யும் அனுபவசாலியையும் புதியவரையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரிடமும் இழை சமமாக அறுமானால் குற்றம் கையில் இல்லை.

புதியவரிடம் மட்டும் அதிகமாக அறுமானால் பயிற்சி தேவையே; அதன் பலனை அளப்பதற்கு, அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் விவரிக்கத் தொடங்கிய நான்கு படிகள், அதாவது பயின்றவரின் அபிப்பிராயம், பெற்ற அறிவு, வேலையில் மாறிய நடத்தை, உற்பத்தியில் விளைவு என்பவை, உபயோகமானவை. வகுப்பு முடிவில் எழுதி வாங்கும் பாராட்டு (வடை ருசியாயிருந்தால் அது தானே கிடைக்கும்!) முதற்படியோடு நின்றுவிடுகிறது. அடுத்த படிகளையும் அறிய, அறுந்த இழையைப் பிணைக்க ஆகும் நேரத்தைப் பயிற்சிக்கு முன்னும், சில வாரங்கள் கழித்தும் குறித்து வையுங்கள்.